வாரப் பத்திரிகையில் ஒரு கொலை

யுத்த காலம். மயிலாப்பூர் ரேஷன் கடை, காலை ஏழேகால் மணி. மண்ணெண்ணெய் வரிசையில் எனக்கு முன்னால் பதினேழு வயது மதிக்கத்தக்க இரண்டு பெண்கள்.

"தம்பி அண்ணனை வெட்டிட்டான்டி. அம்மாகிட்டே சொல்லலை."

திடுக்கிட்டேன்.

"எந்த அண்ணனைடி?" என்றாள் மற்றவள்.

"மாயத்தீவுத் தொடர்கதையிலே. ரெண்டு ராஜகுமாராளும் ஆளுக்கொரு படையிலே சண்டை போடறாளே. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, நான்தான் படிச்சுக் காட்டறேன். ரெண்டு பேரும் கட்டிண்டு அழறதா மாத்திப் படிச்சுட்டேன்."

"ஏன்டி பொய்?"

"எங்காத்துலேயும் அப்படித்தானே. பெரியண்ணா பர்மாவிலே வெள்ளைக்காரன் பட்டாளம். சின்னண்ணா சிங்கப்பூரிலே ஜப்பான்காரன்கிட்டே பிடிபட்டு எதிர்ப்படையிலே சேர்ந்துட்டான்."

"பெரியண்ணாகிட்டேயிருந்து மாசாமாசம் கடுதாசி வர்றதுன்னு உங்கம்மா சொன்னாளே?"

"நாலு மாசமா ஒண்ணும் வரலைடி. நானே எழுதி, நானே படிக்கறேன்."