ஒன்பது போல்ட்டுகள்

கடலே இல்லாத தேவாரம் ஊரில் பிறந்தவன் படகு பார்க்கிற வேலைக்குப் போனால் ஊரில் சிரிக்கத்தான் செய்வார்கள், ஐயா. எனக்கு அதில் வருத்தமில்லை. கொச்சியில் பதினெட்டு வருடமாக உல்லாசப் படகுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிறேன். படகைக் கிரேனில் தூக்கி நிறுத்தியதும் சிறு சுத்தியலால் உடம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போவேன். நல்ல இடம் கணீரென்று கேட்கும். நீர் ஏறிய இடம் மந்தமாகக் கேட்கும். இத்தனை வருடத்தில் பொய் அறிக்கை என்று நான் எழுதியது நீங்கள் கையில் வைத்திருக்கும் அந்த ஒன்றுதான்.

கர்ணன் என் தங்கை பாண்டீஸ்வரியின் வீட்டுக்காரர். மலையில் ஏலத்தோட்டம். போன வருடம் அவர்கள் மகள் அபிதா பெரியமனுஷியானபோது ஊரில் பந்தல் போட்டார்கள். தாய்மாமன் நான். கொட்டுமேளத்தோடு சீர்த்தட்டுகளை எடுத்துப் போனேன். எங்கள் பக்கம் மாமன் மாலைதான் முதலில் விழ வேண்டும். கர்ணன் என்னைப் பந்தலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, தோட்டத்துக் கூட்டாளி சுரேஷ்கண்ணனை முதல் மாலை போட வைத்தார். அந்த ஆளுக்கு அவசரமாகப் போக வேண்டுமாம். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். ஆனாலும் சிரித்தபடி மாலை போட்டேன், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பண்பாகத்தான் நடந்துகொண்டேன்.

ஐந்து மாதம் கழித்து கர்ணன் கொச்சிக்கு வந்தார். பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கப் போகிறாராம். மாடு பிடிக்க வந்தவர் போல அதைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார். "வேற ஆள் எதுக்கு மச்சான்? நம்ம வீட்டு ஆளு நீங்க பாத்தாப் போதும்" என்றார். உறவுக்காரர் வாங்கும் படகை நாங்கள் சோதிக்கக் கூடாது. அதை நான் சொல்லவில்லை.

இந்தப் படகுகளின் அடியில் கனத்த இரும்புக் கட்டை தொங்கும். காற்றில் கவிழாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். அதைத் தாங்கும் ஒன்பது போல்ட்டுகளில் ஆறு, துருவேறிப் பென்சில் பருமனுக்கு இளைத்திருந்தன. மூன்று நாள் யோசித்தேன். கோபத்தில் செய்ததாகத் தயவுசெய்து எழுதாதீர்கள். யோசித்துத்தான், 'நல்ல நிலையில் உள்ளன' என்று எழுதினேன்.

படகு முதன்முதலாகப் புறப்பட்ட அன்று காலையில் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, என்னையும் புள்ளையையும் வரச் சொல்றாக. கடலக் கண்டாலே பயமா இருக்கு. நீ பாத்துட்டேல்ல?"

"பாத்துட்டேன் ஆத்தா. தைரியமாப் போயிட்டு வா."

தடுத்திருக்கலாம்தான். தடுத்தால் ஏனென்று கேட்பாள். அவளிடம் நான் பொய் சொல்லிப் பழகியதில்லை.

கரையிலிருந்து நாலு மைலில் கட்டை கழன்று விழுந்தது. கர்ணனையும் அபிதாவையும் மீன்பிடிப் படகுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். மிதவைச் சட்டை சேலைக்கு மேல் நிற்கவில்லையென்று பாண்டீஸ்வரி கழற்றி வைத்திருந்தாளாம். அவளை மறுநாள்தான் எடுத்தார்கள்.

தேவாரத்துக்குக் கொண்டுவந்தோம். செத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடித்துணியைப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் போடலாம். கர்ணன் தட்டுத்தடுமாறி எழுந்து வந்து, அத்தனை பேருக்கும் முன்னால் என் கையைப் பிடித்தார்.

"வாங்க மச்சான். நீங்கதான் மொதல்ல."

கூட்டம் விலகி வழிவிட்டது. கர்ணன்மேல் எனக்கு இப்போது ஒரு குறையும் இல்லை.