எண்ணெய் வடியும் நேரம்

இன்ஸ்பெக்டருடைய ஜீப்பின் ஏர் ஃபில்டரை யாரும் கழற்றிப் பார்த்து ஆறு மாதமாவது இருக்கும். ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றபோதே சத்தத்தில் தெரிந்துவிட்டது. மூக்கடைத்த குழந்தை பால் குடிப்பது போல, இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. சொல்லலாமா என்று நினைத்தேன். தணிகாசலம் அதற்குள் காகிதத்தை மடித்துப் பேனாவைத் திறந்துவிட்டார்.

அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்த மஞ்ச ஸ்பாஞ்ச இன்னும் எத்தினி வண்டியில வச்சிருக்க? யார் யாரு வண்டி?"

நான்கு என்றேன். யாருடையவை என்பதைக் கடைசியில் பார்க்கலாம், முதலிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

என் பெயர் ரோசம்மாள். வயது நாற்பத்தொன்று. காரனோடையில் ஜி.என்.டி. ரோட்டின் மேலேயே இருக்கும் ஆதிகேசவன் மேஸ்திரியின் கார் ரிப்பேர் ஷெட்டில் அறுபத்தாறாம் வருஷம் கார் சீட்டு தைக்கச் சேர்ந்தேன். ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் அறையில் தனியாக இருக்கிறேன். என் கணவர் விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவர். அது இதில் சேராது.

சோழவரத்தில் கார் ரேஸ் நடப்பதால் மேஸ்திரிக்கு ஒரு தனி வேலை உண்டு. வருஷம் முழுக்க ஆபீசுக்கு ஓட்டுகிற வண்டியையே ரேஸிலும் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வருவார்கள். என்ஜினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் கார்ப்பரேட்டரை அவர்களுக்கு இரட்டையாக மாட்டிக் கொடுப்பார். ரேஸ் அன்றைக்கு கார்ப்பரேட்டரின் வாயை அப்படியே திறந்து விட்டுவிடலாம், என்ஜின் நன்றாக இழுக்கும். ஆனால் ரோட்டில் அப்படி ஓட்ட முடியாது. செங்குன்றம் அரிசி ஆலைகளின் உமிச் சாம்பலும் செங்கல் சூளைப் புழுதியும் உள்ளே போனால் ஒரே வருஷத்தில் என்ஜினை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல ஆக்கிவிடும். கம்பெனி கொடுத்த பெரிய ஃபில்டர் டப்பா இரட்டை கார்ப்பரேட்டருக்குப் பொருந்தாது. அதனால் எதை மாட்டுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நான் துணியும் வலையும் தைக்கத் தெரிந்தவள் என்பதால் அந்தத் தேர்வு என்னிடம் வந்தது.

"அத்த ரோசம்மாகிட்ட கேளுங்க. மூக்கு டிபார்ட்மெண்டு அவுங்கள்து" என்பார் மேஸ்திரி. எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு என்னிடம் வந்து கேட்பார்கள். அதற்கு முன்னால் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

துளசிராமன் எழுபத்து மூன்றில் வந்தார். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கருநீல ஹெரால்டு கார்.

"ரேசுக்கு ஒரு நாளு, வேலைக்கு முந்நூறு நாளுக்கா. ரெண்டுத்துக்கும் ஒத்து வர்றாப்பல ஒண்ணு போடு."

பித்தளை வலைக்கு நடுவே காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை நான்கு மடிப்பாக வைத்துத் தைத்துக் கொடுத்தேன். இழுவை குறையாது, தூசியும் போகாது. ஒரே ஒரு தொல்லை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதை மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெயில் நனைத்து, கொடியில் தொங்கவிட்டு வடிய வைக்க வேண்டும். வடியாமல் மாட்டினால் புகை கக்கும். ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் வந்து ஃபில்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, என் தையல் மிஷினுக்கு எதிரே ஸ்டூலில் உட்காருவார்.

"இன்னாக்கா, வடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

"எண்ணெய் ஊத்துனியா, வெல்லப்பாகு ஊத்துனியா?"

உண்மையில் இருபது நிமிடம் போதும். நான் ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்தேன். கெட்டியான எண்ணெயாகப் பார்த்து ஊற்றுவேன். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் தன் தொழிற்சாலையைப் பற்றி, ரயிலில் தொங்கிக்கொண்டு வரும் ஆட்களைப் பற்றி, மனைவி ரத்னா வைக்கும் உப்பில்லாத குழம்பைப் பற்றிப் பேசுவார். அவர் மேல் எனக்கு ஆசை ஒன்றும் கிடையாது. இதை இன்ஸ்பெக்டர் இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் இதையே சொன்னேன். எதிரே ஸ்டூலில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். அவரைப் போலவே வேறு சனிக்கிழமைகளில் வேறு ஆட்களும் வந்தார்கள்.

போன வருஷம் மவுண்ட் ரோடு கடைகளில் இரட்டை கார்ப்பரேட்டருக்குப் பொருந்தும் காகித ஃபில்டர் வந்தது. கழுவ வேண்டாம், எண்ணெய் வேண்டாம். அழுக்கானால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டிக்கொள்ளலாம். நல்ல பொருள்தான், நான் பிரித்துப் பார்த்தேன். ஒருவர் பின் ஒருவராக அதை வாங்குவதாகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"அடுத்த மாசம் நானும் அதான்க்கா. இனிமே உன்னப் பேஜாரு பண்ண மாட்டேன்" என்றார் துளசிராமன். நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னார்.

காகிதம் இழுவையைக் குறைக்கும், வண்டி மூச்சு முட்டிப்போகும் என்றேன். ஸ்பாஞ்சுதான் இப்போது எல்லோரும் போடுவது என்றேன். என்னிடம் சீட்டுக்கு வைக்கும் மஞ்சள் ஸ்பாஞ்சு இருந்தது. ஃபில்டருக்கென்றே வரும் ஸ்பாஞ்சு வேறு, அதை நான் வாங்கவில்லை. ரேசுக்குத் திருத்திய என்ஜின் மூச்சு விடும்போது கொஞ்சம் பெட்ரோலை வெளியே துப்பும். சீட்டு ஸ்பாஞ்சு பெட்ரோலில் எத்தனை நாள் தாங்கும் என்று முன்னமே ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டுப் பார்த்திருந்தேன். பதினோராம் நாள் தொட்டவுடன், டீயில் முக்கிய ரஸ்க்கு போல உதிர்ந்தது. துணுக்குகள் உள்ளே போய் அடைக்கும், வண்டி திக்கும், திக்கினால் வருவார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அவ்ளோதான் ஆவும்னு நெனச்ச. அப்டித்தானே? தெரியாம செஞ்சதுன்னு எழுதிக்கலாமா?"

அவர் எனக்கு உதவி செய்யப் பார்த்தார். ஆனால் அது சரியான தகவல் இல்லை.

துளசிராமனுக்கு முன்பே நான்கு பேருக்கு ஸ்பாஞ்சு மாட்டியிருந்தேன். அவர்களில் பள்ளிப்பட்டுக்காரர் ஒருவர் ஆறே வாரத்தில் திரும்பி வந்தார். பெயரை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். ஆற்றுப் பாலத்தின் மேல் ஆக்சிலேட்டர் மிதித்தது மிதித்தபடி நின்றுவிட்டதாம். "நைனா மேல ஆணையா, கால எடுத்துட்டேன், வண்டி இன்னும் பறக்குது. சாவியத் திருப்பி நிறுத்துனேன். உயிர் போய் வந்துச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கழற்றிப் பார்த்தேன். கார்ப்பரேட்டருக்குள் திறந்து மூடும் தகட்டுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு, மூடவிடாமல் சொருகியிருந்தது. அதை எடுத்துப் போட்டேன். அன்று அவர் மூன்று மணி நேரம் இருந்தார். போகும்போது புது ஸ்பாஞ்சு மாட்டி அனுப்பினேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் துளசிராமனுக்கு மாட்டினேன். தெரிந்துதான் மாட்டினேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அவர் ஐந்து வாரம் வரவில்லை. ஆறாவது வாரம் திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில், ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் நெல் லாரி ஒன்று நின்றது, பக்கத்தில் ஷிப்டுக்குப் போகும் இரண்டு பேர் சைக்கிளோடு. ஹெரால்டு நிற்கவில்லை. அந்த இரண்டு பேரை எனக்குத் தெரியாது. துளசிராமன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துவிட்டார். வண்டியை மேஸ்திரிதான் பிரித்துப் பார்த்தார். மஞ்சள் துணுக்குகளை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இன்ஸ்பெக்டர் எழுதியதை வாசித்துக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

"இப்ப சொல்லும்மா, அந்த நாலு வண்டி" என்றார். குரல் தணிந்திருந்தது. "ஷெட்டுல ஃபில்டர் வேலைய யாரும் எழுதி வைக்கலியாம். உனக்கு மட்டுந்தான் தெரியும்ன்றாரு மேஸ்திரி. இன்னிக்கே ஆளனுப்பிக் கழட்டிரலாம். அவுங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கும்."

நான் யோசித்தேன். போலீஸ்காரர் போய்ச் சொன்னால் அவரவர் வீட்டு வாசலிலேயே பிடுங்கிப் போடுவார்கள். மறுநாள் மவுண்ட் ரோட்டுக்குப் போய்க் காகித ஃபில்டர் வாங்கிக்கொள்வார்கள். அதோடு முடிந்துவிடும்.

"வேணாம் சார்" என்றேன். "வண்டி திக்க ஆரம்பிச்சா அவுங்களே ஷெட்டுக்கு வருவாங்க. சனிக்கெழம நான் அங்க இல்லன்னா தேடுவாங்க. எத்தினி மணிக்கு என்ன விடுவீங்க?"