மைனஸ் பன்ரெண்டிலை ரோட்டிலை இருந்தனான்

இல்லைப் பிள்ளை, இந்தப் பொலிஸ்காரர் சிரிச்சதுக்கும் நான் பதில் சொல்லத்தான் வேணும். வெளியிலை மைனஸ் பன்ரெண்டு, இந்த மனிசி நடுரோட்டிலை குந்தியிருந்து பூமி சூடாகுது எண்டுறா எண்டுதானே சிரிச்சவர்? குந்தி எண்டா உங்கடை தமிழ்நாட்டுத் தமிழிலை உக்காந்து. ஓம், அதுதான்.

பேர் விமலாதேவி. வயசு அறுபத்தொண்டு. ஸ்டோவ்னரிலை இருக்கிறன். நோர்வே பாஷை முப்பத்தாறு வருசமாக் கதைக்கிறன். ஆனா கோவம் வந்தா அது என்னை விட்டிட்டு ஓடியிடும். அதுதான் தமிழிலை சொல்லப்போறன், மொழிபெயர்க்க ஒரு ஆளைக் கூப்பிடுங்கோ எண்டு கேட்டனான்.

ஓம், பொலிஸ் எழும்பச் சொன்னது. ரெண்டு தரம் சொன்னவை. விளங்கினது. எழும்பேல்லை. அப்பிடியே எழுதட்டும். தூக்கின ஆக்களிலை ஒரு பொலிஸ்காரப் பெட்டை என்ரை இடுப்பு நோகாமல் மெதுவாப் பிடிச்சவ, அவவுக்கு மட்டும் நன்றி.

இப்ப அந்தக் குளிர்க் கதைக்கு வாறன். இண்டைக்குக் குளிருறது வானிலை, நாளைக்கு மாறியிடும். காலநிலை எண்டுறது முப்பது வருசத்தைச் சேர்த்துப் பாக்கிறது. ஒரு நாள் கோவிச்ச ஆளை வைச்சு அவற்றை குணம் இதுதான் எண்டு சொல்லேலுமோ?

நான் படிச்ச ஆள் இல்லை. வடக்குக் கடற்கரையிலை, பாட்ஸ்பியோர்ட்டிலை பதினொரு வருசம் மீன் வெட்டினனான். அந்தப் பக்டரியிலை எங்கடை மூச்சு போய்க் குளிர்ச் சுவரிலை பட்டுத் தண்ணியா வழியும். சூட்டுக் காத்து ஈரத்தைச் சுமக்கும், குளிர்ந்தாக் கீழை போட்டிடும். கண்ணாலை கண்டது. மிச்சத்தைச் சொல்லித் தந்தது ஜூலியா எண்டு ஒரு வானிலைக்காரி, எங்கடை நூலகத்திலை வந்து கதைச்சவ. காத்து ஒரு பாகை, அதுதான் ஒரு டிகிரி, சூடேறினா ஏழு வீதம் கூட ஈரம் பிடிக்குமாம். அதுதான் இப்ப மழை வந்தா இந்தக் கொட்டுக் கொட்டுது. ரெண்டு வருசத்துக்கு முந்தி எங்கடை கட்டிடத்து நிலக்கீழ் அறை முழுக்கத் தண்ணி. என்ரை மனுசன் செத்துப் பதினாலு வருசம், அவற்றை படமெல்லாம் அங்கைதான் கிடந்தது. ஒண்டோடை ஒண்டு ஒட்டிப்போச்சு. பிரிச்சா முகம் கிழியுது.

அந்த ஒரு மழைக்கு இதுதான் காரணம் எண்டு நான் சொல்லேல்லை. ஜூலியாவும் அப்பிடிச் சொல்லேல்லை. ஆனா இப்பிடி மழை கூடுறதுக்குக் காரணம் தெரியும். நிலத்துக்குக் கீழை கோடி கோடி வருசமாக் கிடந்த எண்ணெயையும் நிலக்கரியையும் எடுத்து எரிக்கிறம். அதிலை வாற காபனீரொட்சைட், உங்கடை கார்பன் டை ஆக்சைடு, பூமிக்கு ஒரு போர்வை மாதிரி. போர்வை முந்தியும் இருந்ததுதான், இல்லாட்டி விறைச்செல்லோ போயிருப்பம். நாங்கள் அதைத் தடிப்பாக்கிக்கொண்டு போறம். இந்த நாட்டின்ரை எண்ணெய்க் காசிலைதான் என்ரை பிள்ளையளும் படிச்சதுகள். மறக்கேல்லை. அதுக்காக வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவோ?

என்னவாம்? இனிச் செய்யமாட்டன் எண்டு சொன்னா இப்பவே வீட்டை போகலாமாமோ? சொல்லமாட்டன்.

ஏன் அந்த ரோட்டு எண்டோ? பாராளுமன்றத்துக்கு முன்னாலை இருந்திருக்கலாம் எண்டுறார். என்னோடை வந்த ஆக்களும் அதைத்தான் சொன்னவை. நான்தான் இந்த ரோட்டு எண்டு நிண்டனான்.

முதல் நிண்ட கார் ஆற்றை எண்டு அவரைக் கேளுங்கோ. சாம்பல் நிறக் கரண்ட் கார். பொலிசுக்குப் போன் எடுத்ததும் அதிலை இருந்தவர்தான், என்ன? இந்த மனிசியைத் தெரியுமோ எண்டு இந்தப் பொலிஸ் ஆக்கள் கேக்க, தெரியாது எண்டு சொன்னவர். நான் பக்கத்திலை கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்.

எனக்கு அவரைத் தெரியும். சயூரன். எண்ணெய்க் கம்பனியிலை எஞ்சினியர். என்ரை மூத்தவன்.

அதையும் விடாமல், பிள்ளை, சொல்லுங்கோ அவருக்கு. வீட்டிலை இந்தக் கதையை எடுத்தா எழும்பிப் போயிடுவான். காரிலை இருந்தா எங்கை போறது? இருவது நிமிசம் என்னைப் பாத்துக்கொண்டு இருந்தவன்.

நாளைக்கும் வருவன் எண்டு எழுதச் சொல்லுங்கோ. அவன் வேலைக்குப் போறதுக்கு வேறை ரோட்டு இல்லை.