ஒரே சைசு இறால்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் காலைப் பேருந்து டச்சுக் கல்லறையைத் தாண்டும்போது, எனக்கு முன்னிருக்கையில் பள்ளிச் சீருடையில் இருந்த பெண் சொன்னாள்: "நம்ம ஊறுகா ஜெயிக்கவே கூடாதுன்னு மாதாகிட்ட வேண்டிக்கினேன்டி."

மடியில் பெட்டி வைத்திருந்த தோழி திரும்பினாள். "லூசாடி நீ? ஸ்கூல் போட்டிக்குன்னு ரெண்டு பேரும் சேந்துதானே இறால் ஊறுகா போட்டோம்?"

"ஜெயிச்சா இன்னும் அம்பது பாட்டில் போடச் சொல்வாங்க. இறாலுக்கு எங்க போறது?"

"உங்க நைனாதான் ஏரியில புடிச்சாந்தாரே."

"ஏரியில வலை போட அவருக்கு முறை வந்த அன்னிக்கு பாசிதான் மாட்டுச்சு. கடையில பண்ணை இறால் வாங்கி, வலையில கொட்டி, ஈரம் சொட்டச் சொட்ட எடுத்தாந்து குடுத்தாரு."

"அவரே சொன்னாரா?"

"எல்லாம் ஒரே சைசுடி. நம்ம ஏரி இறால் என்னிக்கி ஒரே சைசுல வந்துச்சு?"

தோழி ஒரு பாட்டிலை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஏரி இறால் என்று அழகாக எழுதி ஒட்டியிருந்தது.

"வாங்குறதுக்குக் காசுக்கு இன்னா பண்ணாரு?"

"சைக்கிளக் காணோம். பஞ்சர் ஒட்டக் குடுத்துக்கீறேன்றாரு, பத்து நாளா."

"நீ கேக்கலியா?"

"எப்படிடி கேப்பேன்? ஜெயிச்சிட்டா, அடுத்து விக்கிறதுக்கு அவர்கிட்ட வலை மட்டுந்தான் இருக்குது."