முழங்கையால் திறக்கும் ஷவர்

செய்யூரிலிருந்து மதுராந்தகம் போகும் பேருந்தில், முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

“இன்னிக்கி எங்க வூட்டுக்காரு கதவ சாத்திகினு குளிச்சாருக்கா.”

“அதுல இன்னாடி அதிசயம்?”

“முடக்குவாதம் வந்ததுலேர்ந்து ரெண்டு கை வெரலும் மடங்கல. பைப்ப திருக முடியாது, சொம்பு புடிக்க முடியாது. நாந்தான் ஊத்துவேன். சொவத்தப் பாத்துகினே நிப்பாரு.”

“அய்யோ. இப்ப எப்பிடி?”

“கடையில பெரிய கம்பெனி ஷவரா பளபளன்னு பலகையில மாட்டி வச்சிருந்தான். நான் கைய மூடிகினு, முழங்கையால ஒவ்வொண்ணா தள்ளிப் பாத்தேன். கடக்காரன் சிரிச்சான். சிரிக்கட்டும்னு விட்டேன். நீட்டு கைப்புடி வச்ச ஒண்ணுதான் லேசா தொறந்துச்சி. நம்ம ஊரு உப்புத் தண்ணிக்கு தாங்குமான்னு கேட்டு, அதையே வாங்கி மாட்டிட்டேன்.”

“உன் வூட்டுக்காரு இன்னா சொன்னாரு?”

“‘நீ வெளிய போ, நான் பாத்துக்கறேன்’னாரு. அப்பறம் உள்ள பாட்டு!”

பெரியவள் சிரித்தாள். இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ரொம்ப நேரமாச்சி, ஆளு வரல. டேங்கு தண்ணி தீந்துருமேன்னு கூப்பிடப் போனேன். மனசு வரல. குளிக்கட்டும்னு பஸ் ஏறிட்டேங்கா.”