மாமா, உள்ள இருக்கீகளா?

கேளுங்க பிள்ளைகளா. எங்க தாத்தா வீட்டு அடுப்பங்கரை மூலையில, ஆள் உசரத்துக்கு மேல ஒரு மண் குலுக்கை நிக்கும். கம்பு கொட்டி வைக்கிறதுக்கு. லீவுக்குப் போனா அது பக்கத்துல போகவே எங்களுக்குப் பயம். ஏன்னா தானியம் எடுக்கப் போறவுக மொதல்ல மூணு தட்டு தட்டி, "மாமா, உள்ள இருக்கீகளா?"ன்னு கேப்பாக. கேட்டுட்டுச் செத்த நேரம் நிப்பாக. அப்புறந்தான் கை வைப்பாக. "உள்ள யாரு தாத்தா?"ன்னு கேட்டேன். அவரு சொன்ன கதை இது.

எந்தக் காலமோ, ஓடைக்கரைப்பட்டியில உலகமுத்துன்னு ஒருத்தர் இருந்தாராம். தாத்தாவுக்குத் தாத்தா. மகா சந்தேகக்காரர். மோர் தண்ணியா இருந்தா மாட்டையே சந்தேகப்படுவாராம். அவரு மகனுக்கு வாக்கப்பட்டு வந்தவ ஆவுடத்தங்கம். தகப்பன் இல்லாத பிள்ளை. கைக்குழந்தை ஒண்ணு.

அந்த வருசம் குலுக்கையில கம்பு குறையுதாம். எடுக்காமலே குறையுதாம். அடியில தானியம் எடுக்கிற ஓட்டையைத் துணி வச்சு அடைச்சு, மேல சாணியை அப்பி, பெருவெரலால அடையாளம் வச்சாரு. அடையாளம் அழியல, கம்பு குறையுது. "வேற யாரு? வந்தவதான். மேல வழியாக் கை விட்டு அள்ளி, ஆத்தா வீட்டுக்கு அனுப்புதா"ன்னாராம். அவளைக் கூப்பிட்டு, "இன்னொரு வாட்டி குறைஞ்சா, பிள்ளையை வச்சிட்டு நீ மட்டும் பொறப்படு"ன்னுட்டாரு. பிள்ளையை வச்சிட்டு! அழுதாளாம், சத்தியம் பண்ணுனாளாம். நம்புவாரா? நம்பல.

ஒரு நாள் "சந்தைக்குப் போறேன்"ன்னு துண்டை ஒதறித் தோள்ல போட்டுக் கெளம்புனாரு. தெருமுக்கு வரைக்கும் போனாரு. கொல்லை வழியாத் திரும்பி வந்தாரு. ஒரலு மேல கால் வச்சு ஏறி, குலுக்கைக்குள்ள எறங்கி, மூடியை இழுத்து வச்சுக்கிட்டாரு. திருட்டுக்கை உள்ள வரட்டும், புடிச்சிருதேன்னு குத்தவச்சு உக்காந்திருக்காரு.

அப்பப் பாத்து மழை இருட்டிக்கிட்டு வருது. முத்தத்துல புதுக் கம்பு காயுது. "அள்ளுங்க, அள்ளுங்க"ன்னு மாமியாக்காரி கத்துதா. மருமக கொல்லையில கெடந்த ஏணியைக் கொண்டாந்து போட்டு, ஓலைப்பெட்டியில அள்ளி, பெட்டி பெட்டியாச் சொமந்து ஏறிக் கொட்டுதா. சோன்னு தலையில விழுது. கத்துனா மானம் போயிரும். இன்னும் ஒரு பெட்டிதான் இருக்கும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காரு. அடுத்த பெட்டி இடுப்புக்கு. அதுக்கடுத்தது நெஞ்சுக்கு. சரி, கத்திருவோம்னு வாயைத் தொறந்தா, வாய் நெறையக் கம்பு.

குலுக்கைக்குள்ள இருந்து ஒரு செருமல். "ஐயையோ, முனி!"ன்னு மாமியாக்காரி வாசலுக்கு ஓடிட்டா. ஆவுடத்தங்கம் ஓடல. ஒலக்கையை எடுத்தா. ஓங்கி ஒரு குத்து. "வருசத்துச் சாப்பாட்டை ஒடைக்காளே, பாவி!"ன்னு மாமியா அலறுதா. இவ நிறுத்தல. அடுத்த குத்துல சுவரு பொளந்து, சரசரன்னு கம்பு கொட்டுது. கம்போட கம்பா உலகமுத்தும் வந்து விழுந்தாரு. மீசையெல்லாம் கம்பு.

ஒடைஞ்ச அடியில பாத்தா, தரையோட தரையா ஒரு எலி வளை. காணாமப் போன கம்பு பூராவும் அதுக்குள்ள கெடக்கு.

அவ மாமனாரை ஏற எறங்கப் பாத்தாளாம். "ஏன் மாமா, சந்தை இதுக்குள்ளயா கூடுது?"

பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டா. "நான் போறேன். பிள்ளையோட போறேன்."

அந்த மனுசன் வாசல் நெலையை மறிச்சு நின்னு அழுதுட்டாராம். "போகாத தாயீ. என்ன வேணும்னாலும் கேளு."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். இனிமே இந்தக் குலுக்கையைத் தொடுறவுக யாரா இருந்தாலும், தட்டி, 'மாமா, உள்ள இருக்கீகளா?'ன்னு கேட்டுட்டுத்தான் தொடணும். நீங்க இருக்கும்போதும் கேக்கணும். போன பெறகும் கேக்கணும்."

அப்படி வந்ததுதான் அந்த வழக்கம். ஒடைஞ்ச எடத்துல பூசுன மண்ணு நெறம் மாறித் தெரியும், நானே தடவிப் பாத்திருக்கேன்.

ஆனா எனக்கு ஒரு சந்தேகம். உள்ள நுழையும்போது அவரு கழட்டிப் போட்ட செருப்பு கொல்லையில கெடந்துச்சாம். ஏணி எடுக்கப் போனவ அதைப் பாக்காமலா இருந்திருப்பா? ஒலக்கை எப்படி அவரு மேல ஒரு கீறல் விழாம எறங்குச்சு? மொதப் பெட்டியிலயே அவளுக்குத் தெரியும். நெஞ்சு வரைக்கும் வரட்டும்னு கொட்டியிருக்கா. தாத்தாகிட்ட இதைச் சொன்னேன். "அவரு ரத்தந்தாம்லே ஒனக்கும்"னு எந்திரிச்சுப் போயிட்டாரு.

இப்ப குலுக்கை போயி நம்ம வீட்டுல அரிசி டிரம்மு வந்திருச்சு. என் மருமகளும் தட்டித்தான் தொறக்கா. "மாமா, உள்ள இருக்கீகளா?"ன்னு கேக்கா. டிரம்மைப் பாத்துல்லா கேக்கணும்? என்னையப் பாத்துக் கேக்கா.