உப்புக்காரி பேருக்கு வந்த ஏலம்

…இருங்க, கைதட்டலை அப்புறம் வச்சுக்கலாம். மகளிர் குழுவுக்குக் குழு வெப்சைட் போட்டாச்சு, நல்லது. அதுக்கு ஆளாளுக்கு ஒரு பேர் வச்சிருக்கீங்களே… அந்தப் பேர் எதுவரைக்கும் உங்களுடையது? சொல்லுங்க. எந்தத் தேதி வரைக்கும்?… பார்த்தீங்களா, ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறீங்க. எனக்கு இருப்புக்கொள்ளலை. குட்டியா ஒண்ணு சொல்றேன், காதைக் கொடுங்க.

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில செலஸ்தீன் என்று ஒரு அம்மா. கருவாட்டு வியாபாரம். சந்தையில அவங்களை உப்புக்காரி என்றால்தான் தெரியும். மருமகள் டெல்பின் ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தாள். பேர் என்ன? உப்புக்காரி டாட் காம். பொட்டலத்திலும் அதே பேர். கோயம்புத்தூர், பெங்களூர் என்று ஆர்டர் வந்தது. வெயில்ல சந்தையில போய் உட்காராமலே அந்த வீடு ஓடியது. அந்தப் பேர்தான் கடை. வேற கடை கிடையாது.

பேர் வாங்கும்போது என்ன நடந்தது? வெப்சைட் பேரை வருஷக் கணக்கில விக்கிற கம்பெனிக்காரன் முதல் வருஷம் டீக்காசுக்குக் கொடுத்தான். டெல்பின் பார்த்துவிட்டுச் சொன்னாள், கீழே பொடி எழுத்தில அடுத்த வருஷத்துக்குப் பத்து மடங்கு விலை போட்டிருக்கான் மாமி, இன்னொரு கம்பெனியில முதல்ல கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வருஷா வருஷம் கம்மிதான் என்று. மாமி கேட்டாங்களா?

"இன்னைக்கு மீனுக்கு இன்னைக்கு விலையைக் கொடு. நாளைக்கு மீனை நாளைக்குப் பேசிக்குவோம்ட்டி."

நாள் நெருங்கியது. கம்பெனியிலிருந்து செய்தி வருது. பேரைப் புதுப்பிங்க. மறுபடி செய்தி. சீக்கிரம் புதுப்பிங்க. டெல்பின் பதறுகிறாள். மாமிக்கோ உள்ளுக்குள்ளே சிரிப்பு. ஏன்? மீன் சந்தையில சாயங்காலம் ஆக ஆக விலை இறங்குமா, ஏறுமா? இறங்கும். விக்கிறவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு விலை சொன்னால் என்ன அர்த்தம்? சரக்கு நாறப்போகுது, தள்ளிவிடப் பார்க்கிறான். ஆயுசு பூரா அந்தம்மா பிழைச்ச கணக்கு அது. அதனால, ஏட்டி, பேசாம இரு, தானா இறங்கி வருவான் என்று சொல்லிவிட்டாங்க.

தேதி தாண்டியது… வெப்சைட் போச்சு. திறந்தால் யார் யாரோட விளம்பரமோ ஓடுது. பெங்களூர்க்காரர் ஒருத்தர் போன் போட்டு, கடையை மூடிட்டீங்களா என்று கேட்கிறார். அப்பவும் மாமி அசையலை. இப்பதான் நாற ஆரம்பிச்சிருக்கு, இன்னும் பொறு என்று கையிலிருந்த கருவாட்டுக் கூடையை உதறினாங்களாம்.

பொறுத்தாங்க. பொறுத்துவிட்டு, வெற்றி நமக்குத்தான் என்கிற தோரணையில கம்பெனிக்குத் தானே போன் போட்டாங்க. எடுத்த பையன், புதுப்பிக்கிற காசோட மீட்புக் கட்டணமும் சேர்த்து ஒன்பதாயிரத்துக்கு மேல சொன்னான்.

"தம்பி, கட்டுபடியாகிற விலை சொல்லு."

"அது சிஸ்டத்துல வர்ற விலை மேடம்."

"அப்போ சிஸ்டத்தைக் கூப்பிடு, நான் பேசிக்கிறேன்."

சிரிக்கிறீங்க. அடுத்தது கேளுங்க.

"நான் வாங்கலைன்னா அந்தப் பேரை வச்சுக்கிட்டு நீ என்ன செய்வ?"

"ஏலத்துக்குப் போயிடும் மேடம்."

ஏலம்… அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அந்தம்மா முகம் மாறிப்போச்சு. மற்றதெல்லாம் புரியாமல் இருந்திருக்கலாம், ஏலம் புரியாதா? கரையில வலை வந்து இறங்கினதும் எத்தனை தடவை ஏலத்தில நின்றிருக்காங்க. இந்தச் சாளை மீன் நமக்குத்தான் என்று நிற்கும்போது, லாரிக்காரன் ஒரு தலையசைப்பில மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தவங்க. ஏலத்தில சாயங்கால விலை ஏது?

"எம் பேரை யாரு எடுப்பா?"

"யார் வேணா எடுக்கலாம் மேடம். கருவாடு விக்கிற பெரிய கம்பெனியே எடுக்கலாம்."

அந்தம்மா போனைக் காதிலிருந்து எடுக்கக்கூட இல்லை.

"கட்டுட்டி டெல்பின். இப்பவே கட்டு."

மழைக்கு முன்னே தார்ப்பாய் வாங்க வச்சிருந்த பணம் அது. கட்டினாங்க. கட்டின உடனே பேர் வந்துச்சா? இல்லை. ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளும் அடுப்புக்கும் போனுக்கும் நடை. ஏட்டி, வந்துட்டா பாரு… ஏட்டி, வேற எவனும் எடுத்துரலையே… வந்தது. வந்த பிறகுதான் மருமகள் பேச்சு காதில ஏறியது. கொஞ்ச மாசம் கழிச்சு அந்தப் பேரை அப்படியே விலை கம்மியான வேற கம்பெனிக்கு மாத்தினாங்க. பேர் அதேதான், கம்பெனி மட்டும் வேற. பழைய கம்பெனிக்காரன் தேவையில்லாமல் தலையில கட்டியிருந்த மெயில், பாதுகாப்பு, அது இது எல்லாத்தையும் வெட்டிவிட்டாங்க. மூணு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினாங்க.

இப்ப சொல்லுங்க, செலஸ்தீன் அம்மா முட்டாளா? இல்லைம்மா. பேரம் பேசத் தெரிஞ்சவங்க. பேசின நேரம்தான் தப்பு. மீனுக்குச் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கலாம். பேருக்குத் தேதி தாண்டிக் காத்திருந்தால், அங்கே நம்மை விடப் பெரிய பணப்பை வச்சிருக்கிறவன் நிற்பான். மிச்சம் பிடிக்கணுமா? வாங்குறதுக்கு முன்னாடியே ரெண்டாம் வருஷ விலையைக் கேளுங்க. நாலு இடத்தில விசாரிங்க. பிடிக்கலையா, தேதி இருக்கும்போதே கம்பெனியை மாத்துங்க. நம்ம பேரம் எல்லாம் தேதிக்கு இந்தப் பக்கம்தான். அந்தப் பக்கம் அவன் வச்சதுதான் விலை.

என்னம்மா, யாரும் எழுந்திருக்க வேண்டாம். சாப்பாடு எங்கேயும் ஓடாது. போனை எடுங்க… வெப்சைட் போட்டுக் கொடுத்த பிள்ளைகிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க. எங்க பேர் எந்தத் தேதியில முடியுது? அது எங்க பேர்ல பதிஞ்சிருக்கா, உன் பேர்லயா?… அந்தப் பிள்ளை பேர்ல இருந்தால், புதுப்பிக்கிறதும் அது கையிலதான். கேளுங்க. நான் இங்கேயேதான் நிற்கிறேன். பதில் வந்தவங்க முதல்ல பந்திக்குப் போகலாம்.